காமென்ட்ஸ் (ஆடைத் தொழிற்சாலை) வேலையில் கை விறைப்பு, வேலையை விடத்தான் வேணுமா?

முறிகண்டியான்:
தங்கச்சி கிளிநொச்சிப் பக்கம் ஒரு காமென்ட்ஸில் மெஷின் ஒப்பரேட்டர். கொஞ்ச மாதமாக வலது கையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் விறைக்கிறது, இரவில் எழும்பி கையை உதறிவிட்டுத்தான் திரும்பப் படுக்கிறாள். பகலில் கத்தரிக்கோல் நழுவி விழுகிறதாம். அங்கே கேட்டால் பனடோல் தருகிறார்கள், சுப்பவைசரோ சம்பளம் இல்லாமல் மூன்று மாதம் நின்றுபோட்டு வா என்கிறார். வீட்டுக் கடன் அவளின் சம்பளத்தில்தான் கட்டுப்படுகிறது. என்ன செய்யலாம்?

வவுனியா பிஸியோ:
சின்ன விரல் விறைக்கவில்லை என்றால் பெரும்பாலும் மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுவதுதான். மணிக்கட்டை மடித்தபடி நாள் முழுக்கத் துணியைத் தள்ளித் தைத்தால் அது கூடும். எண்ணெய் போட்டு உருவிப் பலனில்லை. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கிற பட்டி கட்டிப் படுக்கட்டும், ஆறு கிழமையாவது. இரத்தத்தில் சீனியும் தைரொய்ட்டும் பாருங்கோ. பெருவிரலின் அடியில் இருக்கிற சதை மற்றக் கையை விட வற்றியிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.
இன்றைக்கு பிரைவேட், நாளைக்கு பார்மசி என்று திரிந்தால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரே கிளினிக், ஒரே கொப்பி. அங்கேயே வேலைத்தலத்துக்குக் கடிதமும் வாங்குங்கோ.

முன்னாள் லைன் லீடர்:
கடிதத்தில் 'இலகு வேலை' என்று மட்டும் எழுதினால் சரிவராது. எங்கட லைனில் அப்படிக் கொண்டுவந்த பிள்ளையை நூல் வெட்ட விட்டார்கள், அதுதான் இலகுவாம்! நாள் முழுக்க குட்டிக் கத்தரியை அமத்தினால் அந்தக் கை என்ன ஆகும்? எதைச் செய்யக்கூடாது, ஓவர்டைம் இல்லை, எத்தனை கிழமைக்கு, எல்லாம் எழுத்தில் இருக்க வேணும். தரம் பார்க்கிற மேசையைக் கேட்டுப் பாருங்கோ.

கரைச்சி:
ராஜினாமாக் கடிதம் மட்டும் கொடுக்க வேண்டாம். 'நின்றுபோட்டு வா' என்பதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கோ. என்ன வேலை செய்கிறாள் என்பதை வைத்தியர் கொப்பியில் இப்பவே எழுதட்டும், பிறகு நட்டஈடு கேட்க வேண்டி வந்தால் அதுதான் கைகொடுக்கும். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இல் இருந்து இருக்கிறது, 2022 திருத்தத்தில் உச்சத்தொகை 20 இலட்சம் ரூபா. ஆனால் அது கை போன பிறகு வருகிற காசு, அதை நம்பி இப்போது சும்மா இருக்காதேங்கோ.

முறிகண்டியான்:
போனில் கேட்டேன், சின்ன விரல் விறைக்கவில்லையாம், சதையும் இரண்டு கையிலும் ஒரே மாதிரித்தான். பட்டி பார்மசியில் எடுக்கலாமா?

வவுனியா பிஸியோ:
எடுக்கலாம், விரல்களை மடக்கக்கூடியதாகப் பாருங்கோ. ஆஸ்பத்திரியில் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு இருந்தால் கைக்கு அளவெடுத்தே செய்து தருவார்கள்.