புதுப்பிப்பு: இரவில் என்னை விட்டு அகலாத கருப்பன்

எங்கள் ஒன்பது வயது நாட்டு நாய் கருப்பன் திடீரென்று இரவெல்லாம் மூச்சிரைக்க உலாவுவதையும், நான் எங்கே போனாலும் காலோடு ஒட்டிக்கொண்டு நிற்பதையும் மூன்று வாரங்களுக்கு முன் எழுதி, இது முதுமையின் மறதியா என்று கேட்டிருந்தேன். மறதி இல்லை.

கால்நடை மருத்துவர் காதையும் பல்லையும் பார்த்தார், உண்ணிக் காய்ச்சலோ என்று இரத்தமும் எடுத்தார், ஒன்றுமில்லை. பின்னங்காலை மெல்லப் பின்னோக்கி நீட்டியபோதுதான், கத்தாமல், கடிக்காமல், சட்டெனத் திரும்பி அவர் கையை நக்கினான். அதுவே வலியின் அடையாளம் என்றார். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது.

மறுபாதியை நாங்களே கண்டுபிடித்தோம். படிக்கட்டின் அடியிலிருந்த இன்வெர்ட்டர், பேட்டரி பழுதாகி, நள்ளிரவுகளில் கீச்சென்று ஒலித்துக்கொண்டிருந்தது. நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிட, நாயின் காது ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். நாங்கள் தூக்கத்தில் பொருட்படுத்தாத ஒலி அவனைத் திடுக்கிட வைத்திருக்கிறது. திடுக்கிட்டு உடல் இறுகும்போது நோகும் மூட்டு மேலும் நோகும் என்பதால், வயதான நாய்க்குப் புதிதாக ஒலிப்பயம் வந்தால் வலியையும் தேட வேண்டுமாம்.

பேட்டரியை மாற்றிவிட்டோம், மருத்துவர் தந்த வலிமருந்தும் நடக்கிறது. (நல்லெண்ணத்தில் மனிதர்களுக்கான வலிமாத்திரையான ஐபுப்ரோஃபென் அட்டையை நீட்டிய உறவினரைத் தடுத்தேன், அது நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.) இப்போது விடியும்வரை உறங்குகிறான், மின்சாரம் போனால் மட்டும் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை காதை நிமிர்த்துகிறான்.