கிறிஸ்மஸ் வீட்டில் ஒன்றரை வயசுப் பிள்ளை: நடந்ததைச் சொல்லுங்க

குடில்வீட்டு மைனி | டிசம்பர் 26

குடிலில் வைக்கிற பேட்டரி மெழுகுவர்த்தி எல்லாருக்கும் தெரியும். அடியில் சின்ன ஸ்விட்ச், மூடியைத் தள்ளினா காசு மாதிரி ஒரு பேட்டரி. 24ஆம் தேதி சாயங்காலம் வீட்டில் 19 பேர். பிள்ளை குடில் முன்னாடி உட்கார்ந்திருக்கு. கையில் ஒரு மெழுகுவர்த்தி, அடிமூடி இல்லை, பேட்டரி இல்லை, வாயோரம் எச்சில்.

பல் முளைக்கிற எச்சிலா, விழுங்கின எச்சிலா? ஒருத்தர் வைக்கோலைப் புரட்ட, ஒருத்தர் பாயை உதற, ஒருத்தர் பிள்ளை வாய்க்குள் டார்ச் அடிக்கன்னு 40 நிமிஷம் போச்சு. அதுக்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் கழுத்து, நெஞ்சு, வயிறு எதிலும் இல்லை. நல்லது. ஆனா பேட்டரி இன்னும் கிடைக்கலை. அந்த 40 நிமிஷம்தான் மனசை அரிச்சிட்டே இருக்கு.

இனிமே வாங்குறவங்க, மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா பார்த்து வாங்குங்க. மேலே செலோ டேப் ஒட்டுறதெல்லாம் உதவாது, பிள்ளைங்க நகத்தால் உரிச்சிடும். உங்க வீடுகளில் என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க.

வார்டு அக்கா | டிசம்பர் 26

மைனி, பிள்ளை நல்லா இருக்கிறது பெரிய ஆறுதல். ஆனா தேடினது தப்பு. இதைப் படிக்கிற மத்தவங்களுக்காகவும் சொல்றேன்: "விழுங்கியிருக்குமோ" என்ற சந்தேகம் வந்தாலே கிளம்பிடணும். தேடுறதை வீட்டில் இருக்கிறவங்க செய்யட்டும்.

அந்த மெழுகுவர்த்தியில் பெரும்பாலும் இருக்கிறது சி.ஆர். 2032. அகலம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2. சின்னப் பிள்ளையோட உணவுக்குழாயில் சரியாகச் சிக்குற அளவு அதுதான். பேட்டரிக்குள் இருக்கிற மருந்து ஒழுகித்தான் ஆபத்துன்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. ஈரமான சதையில் பட்டதும் அதன் வழியா மின்சாரம் ஓடும். ஓடினா பேட்டரியோட மைனஸ் முனைப் பக்கம் காரம் உண்டாகி சதையை அரிக்கும். 2 மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண் வந்துடலாம். மெழுகுவர்த்தி எரியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியிலும் இதைச் செய்யப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

வாந்தி எடுக்க வைக்காதீங்க. சோறு, பால், தண்ணி எதுவும் வேண்டாம். தேன் மட்டும் விதிவிலக்கு. பிள்ளைக்கு 1 வயசு முடிஞ்சிருக்கணும், ஒழுங்கா விழுங்க முடியணும், பேட்டரி போய் 12 மணி நேரம் தாண்டியிருக்கக் கூடாது. அப்படின்னா 10 மில்லி, அதாவது 2 டீஸ்பூன், 10 நிமிஷத்துக்கு ஒருக்கா, அதிகபட்சம் 6 தடவை. அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வண்டியில் போகும்போதே கொடுங்க, தேன் தேடி ஒரு நிமிஷம்கூட நிற்காதீங்க. 1 வயசு முடியாத பிள்ளைக்குத் தேனே கூடாது.

ஆஸ்பத்திரிக்குள் நுழைஞ்சதும் "காசு விழுங்கிட்டான்"னு சொல்லாதீங்க, "பட்டன் பேட்டரி"ன்னு சொல்லுங்க. காசுன்னா காத்திருக்கச் சொல்லலாம், பேட்டரின்னா உடனே எடுக்கணும். எக்ஸ்ரேயில் பேட்டரி விளிம்பில் இரட்டை வளையம் தெரியும், காசில் தெரியாது. இன்னொண்ணு, மூக்குக்குள் போட்டிருந்தாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து விடாதீங்க, ஈரம் சேர்ந்தா அரிப்பு கூடும்.

கேரல் செட் | டிசம்பர் 26

எங்க பக்கத்துக் கேரல் பவனியில் இந்த வருஷம் பார்த்தது. ராத்திரி 10 மணி, டிரம் அடி, கதவு திறக்குது. தூங்கி எழுந்த பிள்ளை மாமா தோளில். கிறிஸ்மஸ் தாத்தா நேரா வந்து முகத்துக்கிட்ட குனிஞ்சார். அது பிளாஸ்டிக் முகமூடி, கண் இருக்கிற இடத்தில் ரெண்டு ஓட்டை. பிள்ளை மூச்சை இழுத்தது, சத்தமே வரலை, முகம் நீலம் பாரிச்சு அப்புறம்தான் அலறுச்சு. சுத்தி நின்ன சொந்தக்காரங்க போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க.

தாத்தா வேஷம் போடுற தம்பிமாரே, 3 வயசுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீடுன்னு தெரிஞ்சா முகமூடியைக் கையில் பிடிச்சுட்டு உள்ளே போங்க. முதலில் உங்க சொந்த முகம், சொந்தக் குரல். அப்புறம் பிள்ளை பார்க்கப் பார்க்க மாட்டுங்க. பத்தடி தள்ளித் தரையில் உட்காருங்க. மிட்டாயைத் தூக்கிப் போடாதீங்க, வீட்டு ஆள் கையில் கொடுங்க. டிரம் வாசலோட நிக்கட்டும். பிள்ளையை யாரும் தாத்தா மடியில் திணிக்க வேண்டாம். அம்மா இடுப்பில் இருந்து பார்த்தாலே அதுக்குப் போதும்.

ரெண்டு பிள்ளை அப்பா | டிசம்பர் 27

முற்றத்தில் மூணு கல் அடுப்பு, அச்சு முறுக்கு. அச்சில் ஒண்ணு கழலாம ஒட்டிக்கிச்சு, உதறின உதறலில் அச்சு சட்டி விளிம்பில் இடிச்சு எண்ணெய் தளும்பி வெளியே வந்துச்சு. பிள்ளை நாலடி தள்ளித் தவழ்ந்துட்டிருந்தது. ஒரு சொட்டு புறங்கையில். அந்தச் சொட்டு கொப்புளமானது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

என் கருத்து: சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் பலகாரம் சுடுறதை நிறுத்துங்க. கடையில் எல்லாம் கிடைக்குது.

பறக்கை மாமி | டிசம்பர் 27

ரெண்டு பிள்ளை அப்பா, உங்க பயம் நியாயம், முடிவு நியாயம் இல்லை. அச்சு ஒட்டினதுக்குக் காரணம் இருக்கு. அதைச் சரி பண்ணினா யாரும் அச்சை உதற வேண்டியதே இல்லை.

1 கிலோ பச்சரிசியை 2 மணி நேரம் ஊற வச்சு, வடிச்சு, இடிச்சு, நைசா சலிச்சுக்கிடணும். முட்டை 4, சீனி 350 கிராம், 2 தேங்காயோட கெட்டிப் பால், கறுப்பு எள்ளு ரெண்டு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. தோசை மாவை விடக் கொஞ்சம் தண்ணியா, கரண்டியைத் தூக்கினா அறுபடாம ஒழுகணும். சீனி கூடினா வேகுமுன்னே சிவக்கும், அச்சிலும் பிடிக்கும். அச்சு எண்ணெய்க்குள்ளேயே கிடந்து சூடாகணும். ஆறின அச்சில் மாவு ஒட்டாது, அச்சு அளவு மீறிக் காய்ஞ்சாலும் மாவு நழுவிடும். மாவில் முக்கும்போது முக்கால் பாகம்தான் இறங்கணும். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறினா அது அச்சைக் கவ்விப் பிடிச்சுக்கும், பிறகு எந்த ராசா வந்தாலும் கழலாது. உங்க வீட்டில் நடந்தது இதுதான்னு நினைக்கிறேன். கழலலைன்னா உதறக் கூடாது, நீளக் கம்பியால் விளிம்பை மெல்ல நெம்பணும். புது அச்சுன்னா ஒரு ராத்திரி கஞ்சித்தண்ணியில் போட்டு, எண்ணெய் தடவிப் பழக்கணும்.

இனி பிள்ளை விஷயம். 24ஆம் தேதி கூட்டத்தோட கூட்டமா சுடுறதுதான் கேடு. 21, 22இலேயே, பிள்ளை மத்தியானம் உறங்குற நேரத்தில் சுடுங்க. காத்துப் புகாத தகர டின்னில் ரெண்டு வாரம் மொறுமொறுன்னு இருக்கும். மூணு கல் அடுப்பு வேண்டாம், இடுப்பு உயர மேடையில் கேஸ் அடுப்பு, சட்டியைச் சுவர்ப் பக்கத்து பர்னரில் வைங்க. சுட்டு முடிச்சு அடுப்பை அணைச்சாலும் எண்ணெய் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிப்பாத்தான் இருக்கும். அதனால் சட்டியை இறக்கித் தரையில் வைக்காதீங்க, அந்த அறைக் கதவைப் பூட்டுங்க. பட்டுட்டா குழாய்த் தண்ணியில் 20 நிமிஷம் முழுசா காட்டணும். நெய், பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் வேண்டாம்.

முந்திரிக்கொத்தை முழுசா பிள்ளை கையில் கொடுக்காதீங்க. உள்ளே இருக்கிறது வறுத்த சிறுபயறு மாவு, பாகு குறைஞ்சுட்டா தூளாகி மூச்சில் போய் இருமும். உதிர்த்துப் பாலில் குழைச்சுக் கொடுங்க. முந்திரிப் பருப்பு, கடலை எல்லாம் நாங்க ஒண்ணரை வயசிலேயே கொடுத்துத்தான் வளர்த்தோம், அதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

வார்டு அக்கா | டிசம்பர் 27

மாமி, அச்சு முறுக்கு விஷயத்தில் நீங்க சொன்னது அத்தனையும் சரி. கடைசி வரியை மட்டும் ஒத்துக்க முடியாது, மன்னிச்சுக்கங்க. 5 வயசு வரைக்கும் முழுப் பருப்பு வேண்டாம். கடைவாய்ப் பல் முழுசா வராத பிள்ளையால் கடலையை அரைக்க முடியாது, பாதியா உடைக்கத்தான் முடியும். அந்தப் பாதி சிரிக்கும்போதோ ஓடும்போதோ மூச்சுக்குழாயில் போகும். ஒரு நிமிஷம் கடுமையா இருமும், அப்புறம் அடங்கிடும். வீட்டில் "சரியாயிடுச்சு"ன்னு விட்டுடுவாங்க. பருப்பு உள்ளே ஈரத்தில் ஊதும். சில நாள் கழிச்சுக் காய்ச்சல், ஒரு பக்க நெஞ்சில் மட்டும் வீசிங். சாப்பிடும்போது புரையேறி, பிறகு இருமல் நீடிச்சா அதைக் கண்டிப்பா டாக்டரிடம் சொல்லுங்க. அரைச்ச முந்திரியைக் கஞ்சியில் போட்டுக் கொடுக்கிறதில் தடையில்லை.

திராட்சையை நீளவாக்கில் நாலாக் கீறுங்க, குறுக்கே வெட்டினா அதே வட்டம்தான் தொண்டையை அடைக்கும். ரம்மில் ஊறின பிளம் கேக் பிள்ளைக்கு வேண்டாம், கொஞ்சம் மாவை ஆரஞ்சுச் சாறில் ஊறின பழத்தோட தனியா சுட்டுக்கலாம். வீட்டு ஒயின் தம்ளர்கள் ராத்திரி டீப்பாய் மேல் மிச்சத்தோட கிடக்கும், காலையில் முதலில் எழுந்திருக்கிறது பிள்ளைதான். சின்ன உடம்பில் மது சர்க்கரையைச் சட்டுன்னு இறக்கும். படுக்கப் போகும் முன்னே கழுவி வச்சுடுங்க.

அடைச்சுட்டா: சத்தம் வரலை, இருமவும் முடியலைன்னா, 1 வயசு தாண்டின பிள்ளையைக் குனிய வச்சு ரெண்டு தோள்பட்டைக்கு நடுவில் 5 தட்டு, அப்புறம் தொப்புளுக்கு மேலே 5 அழுத்தம், மாறி மாறி. 1 வயசுக்குள்ளேன்னா வயித்தில் அழுத்தக் கூடாது, நெஞ்சில் 5. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடாதீங்க, உள்ளே தள்ளிடும். ஒருத்தர் இதைச் செய்யும்போதே இன்னொருத்தர் 108.

நடுச்சாமம் | டிசம்பர் 28

பூசை பத்தி யாரும் எழுதலை. 24 ராத்திரி பதினொன்றரைப் பூசைக்குப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போனா, 'உன்னதங்களிலே' பாடி முடியுற நேரம் வெளியே வெடி. உச்ச நீதிமன்றம் 2018இல் கிறிஸ்மஸுக்கு வெடிக்கக் கொடுத்த நேரமே ராத்திரி 11:55 முதல் 12:30 வரைதான், அதனால் எல்லா வெடியும் அந்த அரை மணியில் வந்து குவியும். கோயில் வாசல்கிட்ட உட்காராதீங்க. பீடத்துக்கும் வாசலுக்கும் நடுவில், பக்கக் கதவு ஓரமா உட்காருங்க. டிரம், ஸ்பீக்கர் ரெண்டுக்கும் தள்ளி. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரங்க விடியக்காலை 4 மணி ஆராதனைக்குப் போறதா இருந்தா, 7 மணிக்கே உறங்க வச்சுட்டு உறக்கத்தோட தூக்கிட்டுப் போறது லேசு. பட்டுப் பாவாடையை அங்கே போய் மாட்டிக்கலாம்.

வீட்டில் ஒருத்தர் முறை வச்சுப் பின்தங்கலாம், அதில் குறை ஒண்ணும் இல்லை.

தோள்துண்டு | டிசம்பர் 29

மேலே எல்லாரும் பொருளைப் பத்திப் பேசுறீங்க. ஆளைப் பத்திச் சொல்றேன். விருந்துக்கு வந்த பாட்டியோட கைப்பை கட்டில் கம்பியில் தொங்குச்சு, ஜிப் திறந்து. உள்ளே சர்க்கரை மாத்திரை அட்டை, ஒரு குழி காலி. 7 பேர் அந்த அறையில் உட்கார்ந்து பேசிட்டிருந்தாங்க. "நீ பார்க்கிறேன்னு நினைச்சேன்" என்பதைத்தான் ஏழு பேரும் சொன்னாங்க. கிளிமிபிரைடு வகை மாத்திரை ஒண்ணே ஒண்ணு போதும், பிள்ளையோட சர்க்கரை உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்க. உடனே தெரியாது, பல மணி நேரம் கழிச்சும் இறங்கும். சிரிச்சு விளையாடினாலும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வச்சுப் பார்த்தே ஆகணும்.

அதுக்கு அப்புறம் அந்த வீட்டில் வந்த ஏற்பாடு: ஒரு சிவப்புத் துண்டு. யார் தோளில் துண்டு இருக்கோ அவங்கதான் பிள்ளைக்குப் பொறுப்பு. அரை மணி நேரத்துக்கு ஒரு ஆள். அடுத்தவர் "நான் வாங்கிட்டேன்"னு வாய்விட்டுச் சொல்லித் துண்டைத் தோளில் போட்ட பிறகுதான் முந்தினவர் எழுந்திருக்கலாம். துண்டு தோளில் இருக்கும்போது போன் இல்லை, பந்தி பரிமாறல் இல்லை. வர்ற எல்லார் பையும் வாசலிலேயே வாங்கி பீரோவில் பூட்டு. மார்கழியில் மழைத்தண்ணி நிறைஞ்ச அண்டா, வாளி, தொட்டி எல்லாம் கவிழ்த்து வை, இல்லாட்டி மூடு. ஒரு சாண் தண்ணி போதும். பரணில் இருந்து இறக்கின குடில் பெட்டிக்குள் அந்துருண்டை கிடக்குதான்னும் பாருங்க, வெள்ளை மிட்டாய் மாதிரியே இருக்கும்.

குடில்வீட்டு மைனி | ஜனவரி 6

மூணு ராசாக்கள் திருநாள் முடிஞ்சு இன்னைக்குக் குடில் பிரிச்சோம். பச்சைக்காகக் கேழ்வரகு முளைக்கப் போட்ட தட்டைத் தூக்கினப்போ, ஆட்டுக்குட்டி நின்ன இடத்துக்கு அடியில் ஈர மண்ணுக்குள் இருந்துச்சு பேட்டரி. விளிம்பு அரிச்சு, மேலே கறுப்புப் பசை. தட்டு முழுக்க விரல் நீளம் வளர்ந்திருக்கு பயிர். பேட்டரியைச் சுத்தி மட்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு முளைகூட இல்லை, வேர் கருகிக் கிடக்கு.

வார்டு அக்கா சொன்ன அரிப்பு இதுதான்னு வீட்டில் எல்லாருக்கும் கையில் கொடுத்துக் காட்டினேன். மிச்சம் 11 மெழுகுவர்த்தியிலும் பேட்டரியைக் கழற்றி, ஒவ்வொண்ணையும் ரெண்டு பக்கமும் டேப் சுத்தி, எண்ணி, டப்பாவில் போட்டுப் பூட்டியாச்சு.