குலசை வீடு (குலசேகரப்பட்டினம் குடும்பக் குழு)

வியாழன்

மாலா (கோவை): மைனி, கார்த்திகாவுக்குப் பிள்ள பிறந்து இன்னைக்கு ஏழாம் நாள். பால் சுறா வேணும். நேத்து இவங்க இங்க மார்க்கெட்ல ஒரு கிலோ வாங்கிட்டு வந்தாங்க. பொட்டலத்தப் பிரிச்சா நிக்க முடியல

செல்வி (திருச்செந்தூர்): அழுகுன வாடையா, இல்ல கண்ணுல ஏறுதா?

மாலா: கண்ணுல ஏறுது

செல்வி: அப்ப தூரப் போடு. கழுவிப் பாக்காத.

கணேசன் (தாம்பரம்): *படம்* இனிய காலை வணக்கம் 🙏

செல்வி: சுறா உடம்புலயே யூரியா உண்டு. கடல் உப்ப சமாளிக்கதுக்கு அது வச்சிருக்கும். செத்த பிறகு ஐஸ் சரியாப் படலன்னா அந்த யூரியா அமோனியாவா மாறும். அதுதான் கண்ணுல ஏறுத நெடி. மத்த மீன் கெட்டா நாறும், சுறா கெட்டா எரியும். புளித்தண்ணியிலயும் மோர்லயும் அலசுனா நெடி கொஞ்சம் அடங்கும். அதுக்காக பழைய மீன் புது மீன் ஆயிராது. பிள்ள பெத்தவளுக்கு அத வைக்கவே கூடாது.

முத்து (மதுரை): டீச்சர் மணி அடிச்சாச்சு. எல்லாரும் உக்காருங்கல

ராஜு (கோவை): காசு போச்சு

மாலா: நான் அப்பவே மோந்து பாத்து வாங்குங்கன்னு சொன்னேன்

ராஜு: ஐஸ்ல கிடந்தா எங்க மோக்க

செல்வி: தம்பி, செவுளுகிட்ட மோக்கணும். வால்ல இருந்து தலைப்பக்கமா தடவுனா தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கணும். வயித்த அமுக்குனா குழி விழாம எழும்பணும். ஒரு முழத்துக்கு மேல நீளமிருந்தா வாங்காத. பெருசுக்கு சதை நார் நாராப் போவும்.

ராணி (நர்ஸ்): அத்தை, ஒரு விஷயம். பால் குடுக்கிறவங்களுக்கு சுறா வேண்டாம்னுதான் நாங்க சொல்லுதோம். மத்த மீனத் தின்னு வளர்ற மீன், பாதரசம் சேரும். பால் ஊறுறதுக்கு பிள்ளைய அடிக்கடி மார்ல போடணும், அதுதான் முக்கியம்

கணேசன்: நம்ம அம்மா எட்டு பெத்தா. எட்டுக்கும் சுறாதான்

ராணி: அப்பா 🙄

செல்வி: ராணி சொல்லுதது பெரிய சுறாவுக்கு ரொம்பப் பொருந்தும். சின்னதுல கம்மியா இருக்கும், இல்லாமப் போவாது. ஒரு நாள் புட்டு வச்சுக் குடு, போதும். மத்த நாளைக்கு சாளை, நெத்திலி. காரம் போடாம மிளகு, பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வை.

ராணி: ஒரு நாளும் வேண்டாம்னுதான் சொல்லுதேன்

கார்த்திகா: எனக்கு சுறாப் புட்டுதான் வேணும். ஒரு வாரமா பூண்டு ரசம்தான்

முத்து: தீர்ப்பு வந்தாச்சு

மாலா: சரி, மீனுக்கு என்ன செய்ய மைனி?

செல்வி: இப்ப தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போவாது. வள்ளம் மட்டும்தான் போவுது, அதனால வரத்து கம்மி, விலை ஏத்தம். அதுலயும் ஞாயித்துக்கிழமை எவனும் கடலுக்குப் போவமாட்டான். நாளைக்கோ சனிக்கிழமையோ அமலி நகர்லயோ ஆலந்தலையிலயோ கரை ஏறுத மீன்தான் நமக்கு. அத விட்டா திங்கள் கரை ஏறி உங்களுக்கு செவ்வாய் காலையிலதான்.

கணேசன்: மணப்பாட்டு மீன வாங்கு செல்வி. ருசியே தனி

செல்வி: சுறாவுக்கு என்ன மணப்பாடு, ஆலந்தலை. வெட்டுன நேரமும் ஐஸும்தான் ருசி.

கணேசன்: இல்ல, மணப்பாடு

செந்தில் (துபாய்): அத்தை, இங்க அரபிக்காரங்களும் குட்டிச் சுறாவ அவிச்சு உதுத்துத் தாளிக்காங்க. ஜஷீத்னு பேரு. நம்ம புட்டேதான், காஞ்ச எலுமிச்ச போடுதாங்க

முத்து: அப்ப அரபிக்காரனுக்கும் குலசைதான் சொந்த ஊரு

மாலா: மைனி, கருவாடா அனுப்பிரலாமா? கெட்டுப்போவாதுல்லா

செல்வி: சுறாக் கருவாடு கெடாதுதான். ஆனா உப்பு ஏகத்துக்கு. வெந்நியில மூணு தண்ணி மாத்துனாலும் முழுசாப் போவாது. குழம்புக்கு ஆவும், புட்டுக்கு ஆவாது. பச்சை மீன்தான். சனிக்கிழமை ராத்திரி பஸ்ல ஏத்துனா உங்களுக்கு ஞாயிறு காலையில.

ராஜு: பஸ்ல ஏத்துவாங்களா? தண்ணி ஒழுகுச்சுன்னா இறக்கி விட்டுருவான்

செல்வி: ஒழுகாது. மீன வாங்குன உடனே குடலெடுத்து, தலைய நீக்கி, கடல் தண்ணியிலயே ஒரு அலசு. நல்ல தண்ணியில ஊறப்போட்டா சதை சொதசொதன்னு ஆயிரும். நீளத்துல ரெண்டா வெட்டி, பாலிதீன்ல தனித்தனியாச் சுத்தணும். ஐஸ் உருகுத தண்ணியில மீன் மிதக்கக் கூடாது, அது முக்கியம். தெர்மாகோல் பெட்டி, அடியில ஒரு அடுக்கு உடைச்ச ஐஸ், மேல மீன், மேல ஐஸ். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். இந்த வெயிலுக்கு ஒன்றரைன்னே வை. மூடிக்கு பிரவுன் டேப் ரெண்டு சுத்து. அந்தப் பெட்டியத் தடித்த பிளாஸ்டிக் பையில போட்டு, பை வாய முறுக்கிக் கட்டணும். ஐஸ் கட்டியா முழுசா வச்சா இடைவெளி விழுந்து ஓரத்து மீன் சூடாவும், அதான் உடைக்கச் சொல்லுதேன்.

முத்து: இத எழுதுத நேரத்துக்கு நடந்தே கோவை போயிருக்கலாம்

செல்வி: நீ போறியால? சனிக்கிழமை இங்க வாரேன்னு சொன்னியே

முத்து: வாரேன். கோவைக்குப் போறது நிச்சயமில்ல, ஞாயிறு ஒரு வேலை இருக்கு

கணேசன்: ஊருக்குப் போறவன் அந்தப் பக்கம் நிலம் என்ன விலைக்குப் போவுதுன்னு விசாரி. குலசை ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28ல அடிக்கல் நட்டாங்க. இப்ப எப்படியும் ஏறியிருக்கும்

ராஜு: எந்த நிலம் அண்ணே?

கணேசன்: பொதுவாச் சொன்னேன்

ராஜு: பொதுவா

மாலா: மைனி அந்தப் புட்டு அளவு சொல்லுங்க. போன தடவ எனக்கு களி மாதிரி ஆயிருச்சு

செல்வி: பிழியல, அதான் களி. ஒரு கிலோ சுறாவுல தோல், குருத்தெலும்பு எல்லாம் போக அரைக்கிலோ கிட்டத் தேறும். மஞ்சத்தூளும் கொஞ்சம் உப்பும் போட்டு, மீன் முங்க தண்ணி வச்சு, கொதி வந்து எட்டு நிமிஷம். அதுக்கு மேல வெந்தா ரப்பர். சூட்டோட எடுத்து கத்தியால தோலைச் சுரண்டு. ஆறிட்டா தோல் வராது, மணல் மாதிரி பல்லுல கடிபடும். நடுவுல குருத்த எடுத்துரு. சதைய உதுத்து, வெள்ளத் துணியில வச்சு முறுக்கிப் பிழி. கையில எடுத்தா ரவை மாதிரி உதிரணும். சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு ரெண்டு முழுசு, கட்டை விரல் அளவு இஞ்சி. நல்லெண்ணெய் நாலு கரண்டி ஊத்தி வெங்காயம் நல்லாச் சிவந்த பிறகுதான் மீன். மிளகு, சீரகம் பொடிச்சது ஒவ்வொரு கரண்டி. மிளகாய் வேண்டாம். தேங்காயும் வேண்டாம், ராத்திரிக்கே புளிச்சிரும். உப்பு கடைசியில ருசி பாத்துப் போடு. அவிக்கும்போதே போட்டாச்சுல்லா, அத மறந்துதான் எல்லாரும் ரெண்டு தடவ போடுதது.

கார்த்திகா: அத்தை ❤️ அப்படியே கருப்பட்டியும்

செல்வி: உடன்குடிக்கு ஆள் அனுப்புதேன். பதநீர் காலம்தான இப்ப. கடையில பளபளன்னு கல்லு மாதிரி இருந்தா சீனி கலந்தது. உடைச்ச இடத்துல மினுமினுன்னு சீனிப்பொடி தெரியும். நல்லது மங்கலாக் கருத்து இருக்கும், மழைக் காத்து பட்டா இளகும். இளகுதேன்னு குறை சொல்லாத, அதுதான் நல்லது. மண்பானையில புளியோட சேத்து வைக்காத.

செந்தில்: எனக்கும் ரெண்டு கிலோ

முத்து: உனக்கு ராக்கெட்ல அனுப்புதோம்

ராணி: முத்து, ஊருக்குப் போனா வீட்டப் போய்ப் பாரு. வாசல் படிக்கு மேல காரை உப்பி நிக்குன்னு பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னாங்க

செல்வி: அது காரை இல்ல, உள்ள கம்பி துரு ஏறி பருத்துட்டு. உப்புக் காத்துக்கு முன்னுக்கு நிக்குத வீடு. மேல பூசினா ஒரு வருஷத்துல திரும்ப விழும். தட்டி எடுத்து, கம்பியச் சுரண்டி, துருப் பிடிக்காம இருக்கதுக்கான பெயிண்ட் அடிச்சுட்டுத்தான் பூசணும்.

ராஜு: யாரு பாக்க? சாவி தாம்பரத்துல ஆணியில தொங்குது. வீடு குலசையில கரையுது

கணேசன்: அம்மா காரியம் முடிஞ்ச அன்னைக்கு எல்லாரும் கிளம்பிட்டீங்க. யாரு பூட்டுனா? நான் பூட்டுனேன். சாவி என் கையில இருக்கு

ராஜு: நாலு வருஷமாச்சு அண்ணே

மாலா: ஏங்க, விடுங்க

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

செந்தில்: மாமா என்ன அழிச்சீங்க, நான் பாக்கல

ராஜு: ஒண்ணுமில்ல

செல்வி: தசராவுக்கு எல்லாரும் ஊருக்கு வாங்க, முத்தாரம்மன் முன்னால உக்காந்து பேசிக்கலாம். மீன் விஷயத்துக்கு வாங்க. எத்தனை கிலோ?

முத்து: அப்பா, ஒரு சாவி எங்கிட்ட இருக்குல்லா

ராஜு: என்னது?

முத்து: பொங்கலுக்கு அப்பாதான் குடுத்தாங்க. கிணத்துல மோட்டார் பாக்க

ராஜு: என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல

கணேசன்: கேட்டா சொல்லியிருப்பேன்

செல்வி: பூட்டு திறக்காது முத்து. மண்ணெண்ணெய் ஒரு பாட்டில்ல எடுத்துட்டுப் போ. துவாரத்துல ஊத்தி அரைமணி நேரம் விட்டுட்டு சாவியப் போடு. முறுக்காத, உள்ளயே ஒடிஞ்சிரும். திறந்த பிறகு புதுப் பூட்டு, பித்தளையில. இரும்பு ஆறு மாசம் தாங்காது.

ராஜு: புதுப் பூட்டுக்கு எத்தனை சாவி வரும்?

செல்வி: மூணு வரும்

கணேசன்: *படம்* இனிய மதிய வணக்கம்

மாலா: ரெண்டு கிலோ மைனி. சனிக்கிழமை யாரு பஸ்ல ஏத்துதா?