ஒத்தக்கடை சொந்தங்கள் குழு: முன் பிரேக் டிஸ்க் எது வாங்க?

கார்த்தி, காலை 6:48
எல்லாருக்கும் வணக்கம். நம்ம 7 சீட்டர்ல பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் உதறுது. 80-ல போறப்ப லேசா மிதிச்சா நல்லாவே தெரியுது. முன் டிஸ்க் ரெண்டையும் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். ஆன்லைன்ல ஓட்டை போட்டு கோடு இழுத்த டிஸ்க் ஒண்ணு பாத்தேன், சூடே ஏறாதுன்னு போட்டிருக்கு. ஆர்டர் போட்டுறவா? அடுத்த ஞாயிறு கொடைக்கானல் போறோம்.

லேத் மாமா, 6:55
போடாத மாப்ள. முதல்ல அளவெடு.

லேத் மாமா, 6:56
பிரேக் மிதிக்காம ஓடுறப்பவும் உதறுதா? அப்படின்னா அது வீல் பேலன்ஸ். டிஸ்க்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

கார்த்தி, 6:58
மிதிச்சா மட்டும்தான் மாமா. ஸ்டியரிங்லதான். சீட்ல ஒண்ணும் தெரியல.

லேத் மாமா, 7:01
அப்ப முன்பக்கம்தான். பின்னாடி கோளாறுன்னா சீட்டும் பெடலும் அதிரும். வீல கழட்டுறதுக்கு முன்னாடி ஒருக்க மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாரு. பேரிங் ஆட்டம் இருந்தா எந்த டிஸ்க் போட்டாலும் நிக்காது.

தேவி அக்கா, 7:10
கார்த்தி, டிஸ்க்கோட நடுவுல மேடா இருக்க தொப்பிப் பக்கமோ ஓரத்துலயோ "மின்" (MIN, அதாவது மினிமம்) போட்டு ஒரு நம்பர் அச்சுல இருக்கும். துருவ தேச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாரு. அதுக்குக் கீழ தேஞ்சா டிஸ்க்கத் தூக்கிப் போடணும்னு கம்பெனியே எழுதுன அளவு அது. அப்புறம் இப்ப இருக்க கனத்த மைக்ரோமீட்டர்ல எடு. வெளி ஓரத்துல இருந்து ஒரு 10 எம்எம் உள்ள தள்ளி, சுத்தி 8 இடத்துல. எட்டையும் பேப்பர்ல எழுதிக்க.

கார்த்தி, 7:12
மைக்ரோமீட்டர் இல்லக்கா, வெர்னியர்தான் இருக்கு.

தேவி அக்கா, 7:16
வெர்னியர நேரா வச்சா ஏமாத்திடும். டிஸ்க்க ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பேட் உரசாத ஓரம் தேயாம விளிம்பு மாதிரி நிக்கும். வெர்னியர் வாய் அந்த விளிம்புல உக்காந்து, தேஞ்ச டிஸ்க்கையும் புதுசு மாதிரி காட்டும். ரெண்டு ஒரு ரூபா காச எடு, டிஸ்க்குக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு விளிம்பத் தாண்டி உள்ள வச்சு அள. அப்புறம் ரெண்டு காசையும் சேத்து அளந்து கழிச்சுடு. கனம் பாக்க இது போதும். ஆனா உதறலுக்குக் காரணம் கண்டுபிடிக்க இது பத்தாது, அதுக்கு மைக்ரோமீட்டர்தான் வேணும்.

லேத் மாமா, 7:18
பட்டறைக்கு வா, தாரேன்.

செல்வம் அண்ணன், 7:40
தம்பி, அந்த ஓட்டை போட்ட டிஸ்க் கடையில என்கிட்டயே இருக்கு. உனக்குத் தர மாட்டேன். ரோட்டு வண்டிக்கு, அதுவும் ஆளேத்தி மலை ஏறி இறங்குற கனமான வண்டிக்கு, சாதா வென்டிலேட்டட் டிஸ்க்தான் (நடுவுல காத்துப் போக வழி விட்டது) சரி. ஓட்டைய ஒட்டித்தான் முடி மாதிரி விரிசல் ஆரம்பிக்கும். கோடு போட்டதுல அந்த ஆபத்து கம்மி, ஆனா பேட்ட சீக்கிரம் தின்னும், மிதிக்கறப்ப ஒரு மாதிரி ரீங்காரம் வரும்.

தேவி அக்கா, 7:52
செல்வம் சொல்றதுக்குக் கணக்கும் இருக்கு. வண்டி ஆளோட 2 டன்னுனு வச்சுக்க. 100 கிலோமீட்டர் வேகத்துல இருந்து ஒரேயடியா நிறுத்துனா சுமார் 7.7 லட்சம் ஜூல் சூடா மாறுது. அதுல 70 சதம் முன்னாடி விழுதுன்னா, 10 கிலோ டிஸ்க் ஒவ்வொண்ணும் ஒரே நிறுத்தத்துல ஏறக்குறைய 60 டிகிரி ஏறும். 8 கிலோ டிஸ்க்னா 73 டிகிரி. சூட்ட வாங்கி வைக்கிறது இரும்போட எடைதான். ஓட்டை போட்டா அந்த இரும்பத்தான் குறைக்கிற.

தேவி அக்கா, 7:55
கொடைக்கானல்ல இருந்து கீழ வரைக்கும் சுமார் 1,800 மீட்டர் இறக்கம். அந்த 2 டன் இறங்கறப்ப வெளிய வர்ற சக்தி 3.5 கோடி ஜூல். அதாவது 100-ல இருந்து 45 தடவை நிறுத்துன மாதிரி. இஞ்சினும் காத்தும் கொஞ்சம் வாங்கிக்கும், மிச்சம் பூராம் பிரேக்குக்கு. அதனால கியர ரெண்டு, மூணுல வச்சு இறங்கு. நியூட்ரல் கூடவே கூடாது.

சுந்தரி அத்தை, 8:05
அப்ப எத வாங்கணும்னு சட்டுனு சொல்லுங்கப்பா. பிள்ளைகள ஏத்திட்டுப் போற வண்டி.

செல்வம் அண்ணன், 8:09
அளவு வரட்டும் அத்தை. சொல்றோம்.

கார்த்தி, மாலை 5:31
மாமா பட்டறையில வச்சு எடுத்தாச்சு. வண்டி 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. அச்சுல மின் 26. புதுசுல 28. வலது: 26.62ல இருந்து 26.66 வரை. இடது: 26.60ல இருந்து 26.61. வலது டிஸ்க்ல நீலமா நாலஞ்சு திட்டு இருக்கு. பேரிங் ஆட்டம் இல்ல. பின் டிஸ்க் ரெண்டும் மின் அளவுக்கு நல்லா மேல இருக்கு.

தேவி அக்கா, 5:40
வலதுல ஒரு சுத்துக்குள்ளயே 0.04 எம்எம் ஏத்த இறக்கம். 0.02 தாண்டுனாலே கைக்குத் தெரிய ஆரம்பிக்கும். உன் உதறல் அதுதான்.

கார்த்தி, 5:42
டிஸ்க் வளைஞ்சுருச்சுன்னு மெக்கானிக் சொன்னார்.

லேத் மாமா, 5:50
எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. வளையல. கனம் சமமா இல்ல. எப்படி வருதுன்னு சொல்றேன் கேளு. டிஸ்க், அத மாட்டுற ஹப்புல, அதான் சக்கரத்தோட சுத்துற நடுப் பாகத்துல, நேரா உக்காராம ஒரு மயிரிழை சாஞ்சு நின்னா, பிரேக் மிதிக்காம ஓடுறப்பவும் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே இடம் பேட்டுல தொட்டுட்டுப் போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் தேயும். அதனாலதான் புது டிஸ்க் போட்டதும் நல்லாருக்கும், 5,000, 6,000 ஓடுனதும் திரும்ப உதறும். டிஸ்க் மட்டம்னு திட்டுவாங்க. கோளாறு ஹப்புல.

கார்த்தி, 5:53
லேத்துல சீவிட்டா போதாதா மாமா? செலவு கம்மி.

லேத் மாமா, 6:02
சீவுறது என் தொழில், ஆனா இத சீவச் சொல்ல மாட்டேன். ரெண்டு பக்கமும் 0.2 எடுத்தா 26.2 ஆயிரும். 82,000-க்கு 1.4 தேஞ்சிருக்கு. அந்தக் கணக்குல மிச்சம் 0.2 ஒரு 12,000 கிலோமீட்டர்தான் வரும். அதுவும் மெல்லிசா இருக்கறதால மலையில சூடு இன்னும் ஏறும். நீலத் திட்டு வேற. அந்த இடம் அதிக சூட்டுல இரும்போட குணமே மாறி இறுகிப் போச்சு. மேல சீவுனாலும் ஆழத்துல இருக்கும், மத்த இடம் தேய அது மேடா நிக்கும். கனம் நல்லா மிச்சம் இருந்து திட்டு இல்லாத டிஸ்க்னா சீவலாம். இது வேணாம்.

செல்வம் அண்ணன், 6:10
இடதும் மாத்தணும். ஒரு ஆக்சில்ல ரெண்டும் சேந்துதான். கூடவே பேட் செட்டும் புதுசு. பழைய பேட்ல பழைய டிஸ்க்கோட தடம் இருக்கும், புது டிஸ்க்ல முழுசா படியாது.

கார்த்தி, 6:12
சரிண்ணே. எந்த டிஸ்க்?

செல்வம் அண்ணன், 6:30
ஆர்சி புக்குல இருக்க சேசிஸ் நம்பர அனுப்பு, அதுல பாத்துதான் தருவேன். ஒரே மாடல்லயே வருஷத்துக்கும் வேரியன்டுக்கும் டிஸ்க் மாறும். பாக்க ஒண்ணு போலவே இருக்கும், போல்ட் ஓட்டையும் பொருந்தும், ஆனா தொப்பி உயரம் 1 எம்எம் மாறுனாலும் பேட்ட பிடிச்சு அழுத்துற காலிப்பருக்கு நடுவுல நிக்காது. வாங்கறப்ப அஞ்சு அளவு பாரு: வெளி விட்டம், கனம், மொத்த உயரம், நடு ஓட்டை, வீல் நட்டு ஏறுற ஸ்டட்டுக்கான ஓட்டை. பழசக் கையோட கொண்டு வா, பக்கத்துல வச்சே பாத்துடலாம்.

கம்பெனி பேக்ல வர்றது ஒண்ணு. இல்லன்னா பாஷ், பிரெம்போ மாதிரி பேர் உள்ளது. தொப்பியிலயும் ஓரத்துலயும் சாம்பல் கலர் கோட்டிங் இருக்கறதா பாத்து எடு. தொப்பி ஹப்போட ஒட்டித் துருப்பிடிக்காது, அடுத்த தடவை சுத்தியல் இல்லாம கழட்டலாம். கோட்டிங் இல்லாததுல எண்ணெய் பூசி வரும், அத பிரேக் கிளீனர் அடிச்சு வெள்ளைத் துணியில அழுக்கு ஒட்டாத வரைக்கும் துடை. பெட்ரோல் வேணாம், பிசுக்கு நிக்கும்.

செல்வம் அண்ணன், 6:34
டூப்ளிகேட் கண்டுபிடிக்க ஒரு வழி. நல்ல டிஸ்க்ல மின் அளவும் பேட்ச் நம்பரும் இரும்புலயே இருக்கும், வெறும் ஸ்டிக்கர் இல்ல. ஓரத்துல பேலன்ஸ் பண்ண பிறை மாதிரி சீவின தடம் பல டிஸ்க்ல தெரியும். ரெண்டையும் பலசரக்குக் கடை தராசுல தனித்தனியா வை. எடை நல்லா வித்தியாசப்பட்டா திருப்பிக் குடு. ஜிஎஸ்டி பில் இல்லாம வாங்காத.

தேவி அக்கா, 6:41
உள்ள காத்துப் போற கண்ணு நேரா இருக்கா, வளைஞ்சு இருக்காங்கிறதையும் பாரு. நேரா இருந்தா எந்தப் பக்கமும் போடலாம். வளைஞ்சிருந்தா இடது வலது தனி. மாட்டுனப்புறம் டிஸ்க்கோட உச்சியில பாத்தா, கண்ணோட வெளி முனை வண்டியோட பின்பக்கம் பாத்துச் சாஞ்சிருக்கணும். அப்பதான் உள்ளருந்து காத்த இழுத்து வெளிய தள்ளும். மேல இழுத்த கோட்டப் பாத்து பக்கத்த முடிவு பண்றவங்க உண்டு, அது தப்பு.

கார்த்தி, 6:45
சாதாதான் அப்ப. சேசிஸ் நம்பர் தனியா அனுப்புறேண்ணே.

லேத் மாமா, 7:20
இப்ப முக்கியமானத சொல்றேன், மெக்கானிக்குக்கும் காட்டு. எந்த டிஸ்க்குங்கிறத விட இதுதான் பெருசு.

காலிப்பரக் கழட்டுனதும் ஹோஸ்ல தொங்க விடக்கூடாது, கம்பி போட்டு ஸ்பிரிங்ல கட்டு. டிஸ்க் வரலன்னா ஓங்கி அடிக்காத, பேரிங் போயிரும். பல டிஸ்க்ல தொப்பியில ரெண்டு மரை ஓட்டை இருக்கும், போல்ட்ட மாத்தி மாத்தி சமமா முறுக்குனா தானா வெளிய வரும்.

லேத் மாமா, 7:26
டிஸ்க் வந்ததும் ஹப் முகத்தைப் பாரு. பழுப்பா பொரிஞ்சு இருக்கும். ஒயர் பிரஷ்ஷால தேச்சா நடுவுல பளபளன்னு ஆயிரும், எல்லாரும் அதோட நிறுத்திடுவாங்க. ஒவ்வொரு ஸ்டட்டோட அடியிலயும் மோதிரம் மாதிரி ஒரு வட்டத் துரு நிக்கும். பிரஷ் அங்க போகாது. எமரி ஷீட்ட சின்னதா கிழிச்சு ஸ்டட்ட சுத்தி வச்சுத் தேய். நடு வளையத்தோட மூலையிலயும் இருக்கும், ஸ்கிராப்பர் முனையால சுரண்டு. விரல் நகத்த வச்சு இழுத்துப் பாத்தா எங்கயும் தட்டக்கூடாது. அந்த இடத்துல 0.05 எம்எம் துரு இருந்தா டிஸ்க் ஓரத்துல அது ஏறக்குறைய ரெட்டிப்பா சாயும். கிரீஸ் அப்பாத, காப்பர் பேஸ்ட் போட்டா நடு வளையத்துல மட்டும் மெல்லிசா.

லேத் மாமா, 7:33
அப்புறம் டிஸ்க்க வச்சு, வாஷர் போட்டு எல்லா வீல் நட்டையும் முறுக்கு. டிஸ்க் எவ்வளவு சாஞ்சு ஆடுதுன்னு பாக்க, டயல் கேஜ மேக்னெட் ஸ்டாண்டோட நக்கிள்ல (ஹப்பத் தாங்குற, சுத்தாத பாகம்) நிறுத்தி, ஓரத்துல இருந்து 10 எம்எம் உள்ள முள்ள வச்சு, ஒரு சுத்து சுத்து. பொதுவா ஆட்டம் 0.05 எம்எம்-க்குள்ள வரணும், உன் வண்டிக்கு மேனுவல் என்ன சொல்லுதோ அது. தாண்டுனா டிஸ்க்க எடுத்து ஒரு ஸ்டட் தள்ளி வச்சு மறுபடி பாரு. அஞ்சு ஸ்டட்னா அஞ்சு வாய்ப்பு இருக்கு. எது கம்மியோ அங்க நிறுத்திடு.

தேவி அக்கா, 7:45
காலிப்பர்லயும் ரெண்டு வேலை. காலிப்பர் நகர்றதுக்கான ஸ்லைடு பின் ரெண்டும் விரலால தள்ளுனா ஓடணும். துடைச்சுட்டு பிரேக்குக்குன்னு விக்கிற சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடச் சொல்லு. சாதா கிரீஸ் ரப்பர ஊத வச்சு பின் இறுகிடும், அப்புறம் ஒரு பேட் உரசிட்டே ஓடும். வலதுல மட்டும் நீலம் பூத்ததுக்கு அதுவே காரணமா இருக்கலாம், கண்டிப்பா பாருங்க.

பேட்ட அழுத்துற காலிப்பர் பிஸ்டன உள்ள தள்றப்ப மேல டப்பாவுல பிரேக் ஆயில் பொங்கும். பெயின்ட்ல பட்டா உரிஞ்சுடும். ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா ஆயிலையும் மாத்திடு. டாட் 4 வகை ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் இழுத்துட்டா 155 வரைக்கும் இறங்கலாம். மலை இறக்கத்துல பெடல் பஞ்சு மாதிரி போறது பெரும்பாலும் அதனாலதான்.

கார்த்தி, 7:50
பின் பிரேக்குக்கும் இதே வேலைதானாக்கா, பின்னாடி மாத்துறப்ப?

தேவி அக்கா, 7:52
இல்ல. ஹேண்ட்பிரேக் கேபிள் காலிப்பருக்கே வந்தா பிஸ்டன நேரா தள்ளக்கூடாது, திருகித்தான் உள்ள அனுப்பணும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்னா ஸ்கேனர் போட்டு சர்வீஸ் மோடுக்குக் கொண்டு போகணும். இப்ப அத தொட வேணாம்.

சுந்தரி அத்தை, 8:15
மாத்திட்டு நேரா கொடைக்கானல் ஏறிடலாம்ல?

தேவி அக்கா, 8:24
கூடாது அத்தை. புது டிஸ்க்கும் பேட்டும் பழகணும். வியாழக்கிழமைக்குள்ள மாட்டிடு கார்த்தி. விடிகாலையில நாலுவழிச் சாலைக்குப் போ, பின்னாடி வண்டி இல்லாதப்ப 60-ல இருந்து 20 வரைக்கும் மிதமா மிதி. முழுசா நிக்காத. அரை கிலோமீட்டர் ஓட்டு, திரும்ப மிதி. இப்படி 10 தடவை. அப்புறம் 10 நிமிஷம் பிரேக் அதிகம் தொடாம ஓட்டி ஆற விடு. சூடா இருக்கறப்ப பெடல மிதிச்சுட்டே நின்னா பேட் ஒரே இடத்துல அச்சு மாதிரி ஒட்டிக்கும், அதுவும் உதறல்தான். அதுக்கப்புறம் 200 கிலோமீட்டர் அடிச்சு மிதிக்காம ஓட்டு.

செல்வம் அண்ணன், 8:30
வத்தலக்குண்டு இறங்குனதும் சூட்டோட வாட்டர் வாஷ் விட்டுறாத தம்பி. அரை மணி நேரமாவது ஆறட்டும்.

லேத் மாமா, 8:33
வீல் நட்ட ஏர் கன்ல இறுக்க விடாத. ஒண்ணு கூட, ஒண்ணு கொறைய இறுகி, எடுத்த அளவெல்லாம் வீணாப் போகும். எதிரெதிர் நட்டா, ரெண்டு சுத்துல, அளவு பாத்து இறுக்குற டார்க் ரெஞ்ச் வச்சு.

கார்த்தி, வியாழன் பகல் 12:47
மாட்டியாச்சு. வலது 0.03. இடது முதல்ல 0.07 காட்டுச்சு. ஹப்ப மறுபடி பாத்தா ஒரு ஸ்டட் அடியில துரு மோதிரம் மிச்சம் இருந்துச்சு. தேச்சுட்டு ஒரு ஸ்டட் தள்ளி வச்சதும் 0.04. வலது காலிப்பர்ல கீழ் ஸ்லைடு பின் இறுகித்தான் இருந்துச்சுக்கா, கையால தள்ளுனா அசையல. கழட்டி சுத்தம் பண்ணி கிரீஸ் போட்டாச்சு, ரப்பர் பூட்டும் புதுசு.

தேவி அக்கா, 12:51
நல்லது. நாளைக்குக் காலையில அந்த 10 தடவை முடிஞ்சதும் ரெண்டு டிஸ்க் முகமும் போட்டோ எடுத்துப் போடு. திட்டு இல்லாம ஒரே சாம்பல் நிறமா இருக்கணும்.

லேத் மாமா, 12:58
50 கிலோமீட்டர் ஓடுனதும் நட்ட ஒருக்க செக் பண்ணு. பழைய டிஸ்க் ரெண்டையும் பட்டறையில போட்டுட்டுப் போ.