வலி போய்விட்டது, சாய்நடை போகவில்லை

வலது இடுப்பு மூட்டை மாற்றி எனக்கு 14 மாதம் ஆகிறது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்காக, நான் செய்த தவறையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாவது வாரத்தோடு பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

வலி இல்லாமல் போனதுதான் காரணம். ஐந்து வருடமாக இரவில் புரண்டு படுக்க விடாத வலி, ஆபரேஷனுக்கு மறுநாள் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றபோது காணவில்லை. தையல் போட்ட இடம் வலித்தது, அது வேறு. எலும்போடு எலும்பு உரசும் அந்த வலி போயே போய்விட்டது. அப்புறம் எதற்குப் பயிற்சி என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் கைத்தடியை விட்டேன். "இன்னும் சாஞ்சு சாஞ்சுதானே நடக்கறீங்க" என்றார்கள் வீட்டில். மூட்டு சரியாகப் பொருந்தவில்லையோ என்ற பயத்தில் எக்ஸ்ரே எடுத்தால், அது இருக்க வேண்டிய இடத்தில் அப்படியே இருந்தது. பிசியோதெரபிஸ்ட் கண்ணாடி முன்னால் நிறுத்தி, ஆபரேஷன் ஆன காலில் மட்டும் நிற்கச் சொன்னார். இடது பக்க இடுப்பு சட்டென்று கீழே இறங்கியது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பை மட்டமாகப் பிடித்துக்கொள்வது, ஊன்றிய காலின் பக்கம் இடுப்பின் பக்கவாட்டில் உள்ள தசையாம். வலிக்குப் பயந்து அந்தக் காலில் பாரம் போடாமலே வருடக்கணக்கில் நடந்திருக்கிறேன், தசை மெலிந்துவிட்டது. மூட்டைப் புதிதாக வைத்தாலும் தசையை நாம்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது.

ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவதுதான் முக்கியப் பயிற்சி. சுலபம் என்று நினைத்தேன். நான் தூக்கியபோதெல்லாம் கால் என்னை அறியாமல் முன்பக்கம் போனது, பாதம் கூரையைப் பார்த்துத் திரும்பியது. அப்படிச் செய்தால் முன்தொடைத் தசைதான் வேலை செய்யுமாம். குதிகாலைச் சற்றுப் பின்னால் தள்ளி, விரல்கள் நேராக இருக்கும்படி தூக்கினால் நாலாவது தடவையே நடுங்குகிறது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கும் பயிற்சியும் உண்டு. நடை நேராக இன்னொரு நாலு மாதம் பிடித்தது.

*

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கு இரண்டு பக்கமும் மாற்றியாகிவிட்டது. முதல் பக்கத்துக்கு முன்னால் எதுவும் செய்யவில்லை, "வலிக்கிற காலை எதுக்கு ஆட்டணும்" என்று படுத்தே கிடந்தேன். இரண்டாவதற்கு 8 வாரம் தயாரானேன். முழங்காலைக் கட்டிலில் அழுத்தித் தொடையை இறுக்கிப் பிடிப்பது, பிட்டத்தை இறுக்குவது, நாற்காலிக் கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது. கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதல் வாரம் வாக்கரில் உங்களைத் தாங்குவது கைதான். வாக்கரை நகர்த்து, ஆபரேஷன் கால், பிறகு நல்ல கால் என்ற வரிசையையும் முன்கூட்டியே பழகிக்கொண்டதால், மருந்து மயக்கத்திலும் கால் தானாக அப்படியே போனது.

கைத்தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். முதல் தடவை பத்து நாள் மாற்றிப் பிடித்து நடந்தேன், யாரும் சொல்லவில்லை. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் ஆபரேஷன் காலும் முதலில்.

*

என் அப்பாவுக்கும் இடுப்பு மூட்டு மாற்றினோம், 72 வயது. அவரைப் பயிற்சி செய்ய வைப்பதில் எனக்குச் சிரமமே இல்லை, நிறுத்த வைப்பதுதான் கஷ்டம். பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்பதால், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனியப் போய்விட்டார். நான் போட்ட சத்தத்தில் பாதியில் நின்றார். அன்றைக்கே நீளக் கைப்பிடி வைத்த இடுக்கி ஒன்று வாங்கினோம்.

இன்னொன்று. சாயங்காலம் கால் வீங்கும், படுத்துக் காலை உயர்த்தி வைத்தால் குறையும், அது வழக்கம்தான் என்றார்கள். ஆனால் மூன்றாவது வாரம் கெண்டைக்கால் இறுகி, தொட்டால் வலித்தது, காலையிலும் வீக்கம் வடியவில்லை. காத்திருக்காமல் கூட்டிப்போனோம். ரத்தக் கட்டி. மருந்தில் சரியானது. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது ரத்தம் தேங்காமல் இருக்கத்தானாம். அப்பா அதைத்தான் "குழந்தை விளையாட்டு" என்று விட்டிருந்தார். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

*

அப்பா நலமாக இருப்பதில் மிகவும் சந்தோஷம்மா. கணுக்கால் பயிற்சியை நானும் அலட்சியமாகத்தான் செய்தேன், இப்போது படிக்கவே பயமாக இருக்கிறது.

நேற்று மறுபடி கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். இடது காலில் 30 வினாடி நிற்க முடிகிறது. வலது காலில் 20 வரை இடுப்பு மட்டமாக இருக்கிறது, அதற்கு மேல் இறங்கத் தொடங்குகிறது. காலையும் மாலையும் இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.