தலைமன்னார் மெயில் 1964 புயலோட நின்னுதா?

லயத்துப்பிள்ளை: "64 புயலோட தலைமன்னார் மெயில் முடிஞ்சுது"ன்னு வெள்ளவத்தையான் நேத்து எழுதினதைப் பார்த்ததுல இருந்து எரிச்சல் அடங்கல. அது கொழும்புல இருந்து தலைமன்னாருக்கு ஓடின ராத்திரி ரயில். புயல்ல அழிஞ்சது இந்தியப் பக்கத்து பாம்பன்–தனுஷ்கோடி ரயில் பாதை. கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாத்தினாங்க. கொழும்புக் கோட்டை ஸ்டேஷன்ல ராத்திரி ஏறினவங்க 84 வரைக்கும் தலைமன்னார் பியர்ல (கப்பல் துறையில) இறங்கி கப்பல் ஏறினாங்க.

வெள்ளவத்தையான்: அவசரப்படாதேங்கோ. போட் மெயில் 1914இல தொடங்கினது. எழும்பூரில இருந்து தனுஷ்கோடிக்கு ரயில், பிறகு கப்பல், பிறகு தலைமன்னாரில இருந்து கோட்டைக்கு ரயில், எல்லாம் ஒரே பயணம். தனுஷ்கோடி போனா மெயிலும் போச்சு.

லயத்துப்பிள்ளை: எழுதினது தலைமன்னார் மெயில்னு. இப்ப போட் மெயிலா? இலங்கை, இந்தியப் பிரதமருங்க போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர். எங்க மலையகத் தமிழர்ல 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு கையெழுத்து. ரெண்டே மாசத்துல புயல். அப்ப எங்க ஆளுங்க நீந்தியா போனாங்க? தகரப்பெட்டியில பெயிண்டால பேர் எழுதி, அம்மியைச் சாக்குல கட்டி, தலைமன்னார் ரயில்லதான் போனாங்க. அந்தப் பக்கம், போய் இறங்கினவங்களைத் தங்க வச்ச மண்டபம் முகாம்.

மன்னார்க்காற்று: புயல் எங்கட மன்னாரையும் விடேல்லை, அதையும் எழுதுங்கோ. போட் மெயில் எண்ட பேரில எழும்பூர்–ராமேஸ்வரம் ரயில் இப்பவும் ஓடுது. எங்கட தலைமன்னார்ப் பாதைதான் யுத்தத்தில அழிஞ்சு 2015இல திரும்ப வந்தது. மோடி வந்து கொடி அசைச்சவர்.

வெள்ளவத்தையான்: கொடி ஆர் அசைச்சா என்ன? கப்பல் எங்க? எங்கட அப்பா மெட்ராஸில படிச்சவர். 64க்குப் பிறகு அந்த மெயில் இல்லையெண்டு அவரே சொல்லுவார்.

லயத்துப்பிள்ளை: உங்க அப்பா படிக்கப் போனாரு, திரும்பி வந்தாரு. எங்க பெரியப்பா 71ல போனாரு, வரவே இல்ல. நீங்க ஏறின ரயில்தான் ரயில், எங்களை ஏத்தின ரயில் கணக்குல இல்லையா?

வெள்ளவத்தையான்: இதுக்குள்ள அரசியலைக் கொண்டு வராதேங்கோ. ஒப்பந்தம் நாங்களோ போட்டது?

லயத்துப்பிள்ளை: 48ல எங்க பிரஜாவுரிமையைப் பறிச்ச அரசாங்கத்துல மந்திரியா உட்கார்ந்தது யாரு? தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் எந்த ஊர்க்காரரு? யாழ்ப்பாணம்தானே?

மன்னார்க்காற்று: ரயிலை விட்டிட்டு ஊர்ச்சண்டைக்குப் போயாச்சு!

வெள்ளவத்தையான்: அதுக்காக அவரை எதிர்த்துக் கட்சியை விட்டு வெளியேறின செல்வநாயகம் எந்த ஊர்? அவரும் யாழ்ப்பாணம்தான். அதையும் எழுதலாமே.

லயத்துப்பிள்ளை: வெளியேறினாரு, மறுக்கல. ரயிலுக்கு வாங்க. 65ல தலைமன்னாருக்கு ரயில் ஓடிச்சா இல்லையா?

வெள்ளவத்தையான்: ஓடியிருக்கும். தனுஷ்கோடிக்கு ஓடேல்லை. அதைத்தான் நேற்றிலயிருந்து சொல்லுறன்.

லயத்துப்பிள்ளை: நீங்க எழுதினது தலைமன்னார். தலைமன்னார்!