பதில்: கடற்பனிக்கட்டி உருவகப்படுத்தலில் ‘லாக்-இன்’ என்பதற்குக் கலைச்சொல்

தருமபுரி ஆசிரியை எழுதியது:

> கடல் மேடைகளைக் கடற்பனிக்கட்டி தாக்கும் விசைகளைக் கணினியில் உருவகப்படுத்துவது குறித்து எங்கள் பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். பனிக்கட்டி நொறுங்கும் தாளம் மேடையின் அதிர்வோடு ஒன்றிவிடும் ‘ஃப்ரீக்வன்சி லாக்-இன்’ என்பதற்குப் பாடநூலில் உள்ள ‘ஒத்ததிர்வு’ போதுமா, ‘அதிர்வெண் பூட்டு’ என்று புதிதாக ஆக்க வேண்டுமா?

அன்புள்ள அம்மா, வணக்கம்.

‘ஒத்ததிர்வு’ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒத்ததிர்வில் வெளியிலிருந்து வரும் விசைக்கென்று ஓர் அதிர்வெண் முன்பே இருக்கிறது. அது கட்டமைப்பின் இயல்பு அதிர்வெண்ணோடு, அதாவது தட்டிவிட்டால் அது தானாக அதிரும் அதிர்வெண்ணோடு, பொருந்தும்போது வீச்சு பெருகுகிறது. செங்குத்தான தூணில் மோதி நொறுங்கும் பனிப்பாளத்துக்கு அப்படி நிலையான அதிர்வெண் கிடையாது. தூண் வளைந்து பனிப்பாளத்தோடு சேர்ந்து நகரும் வேளையில் இரண்டுக்கும் இடையிலான ஒப்புவேகம் குறைந்து, பனிக்கட்டி மெல்ல நெகிழ்ந்து பரவித் தொடுகை கூடுவதால் விசை ஏறுகிறது. தூண் திரும்பி எதிரே வரும்போது ஒப்புவேகம் கூடி, பனிக்கட்டி சட்டென நொறுங்கி விசை இறங்குகிறது. ஆகவே நொறுங்கும் தாளத்தை வகுப்பது தூணின் அசைவுதான். வேகம் ஓர் எல்லைக்குள் கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தாளம் தூணின் இயல்பு அதிர்வெண்ணை விட்டு விலகுவதில்லை.

ஓசூர்ப் பட்டறைகளில் லேத்தில் கடைசல் பிடிக்கும்போது ‘சாட்டர் அடிக்கிறது’ என்பார்களே, அதுவும் இந்த இனந்தான். வெட்டுளியும் வேலைப்பொருளும் தங்கள் அதிர்வைத் தாங்களே வளர்த்துக்கொள்கின்றன. உங்கள் மாணவர்களில் பலர் அங்கேதான் பயிற்சிக்குப் போவார்கள் என்பதால் இதைக் கையேட்டில் சேர்த்தால் விளக்கம் பாதி முடிந்துவிடும்.

சொல் பிசகினால் வடிவமைப்பும் பிசகும். ஒத்ததிர்வு என்று படித்த மாணவர் இயல்பு அதிர்வெண்ணைச் சற்றே மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று எண்ணுவார். பனிக்கட்டியோ புதிய அதிர்வெண்ணையும் பின்தொடரும். 1986 ஏப்ரல் 12 அன்று கனடாவின் பியூஃபோர்ட் கடலில் மோலிக்பாக் என்னும் எண்ணெய்த் துரப்பண மேடையின் மீது பல ஆண்டுகளாக உருகாமல் இறுகிய பனிப்பாளம் நொறுங்கியபோது எழுந்த கடும் அதிர்வில், எஃகு வளையத்தின் உள்ளே நிரப்பியிருந்த மணலின் ஒரு பகுதி நீர்மம்போல் தளர்ந்தது. சீனாவின் போஹாய் கடலில் அதிர்ந்த மேடைகளுக்கு நீர்மட்டத்தில் கூம்பு பொருத்தினார்கள். கூம்பின் மீது ஏறும் பனிப்பாளம் வளைந்து ஒடிகிறது, அதற்கு வேண்டிய விசை நொறுக்குவதற்கு வேண்டியதைவிடப் பெரிதும் குறைவு. ஆனால் ஒடியும் துண்டின் நீளமும் வேகமும் சேர்ந்து அங்கே பனிக்கட்டிக்கே ஓர் அதிர்வெண்ணைத் தந்துவிடுகின்றன; அது கட்டமைப்பின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தினால் நேர்வது ஒத்ததிர்வே. அந்தச் சொல்லை அந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

‘பூட்டு’ தவறில்லை என்றாலும், யார் யாரைப் பூட்டியது என்பதை அது சொல்வதில்லை; மின்னணுவியலிலும் அதற்கு வேறு வேலை இருக்கிறது. நான் முன்மொழிவது ‘அதிர்வெண் பற்றல்’. நொறுங்கல், கட்டமைப்பின் அதிர்வெண்ணைப் பற்றிக்கொள்கிறது. ‘பற்றியது’, ‘பற்றல் எல்லை’, ‘பற்றல் நீங்கும் வேகம்’ என வினையாகவும் தொடராகவும் வளைந்து கொடுக்கும். மெதுவான நகர்வில் காணும் ரம்பப்பல் போன்ற ஏற்ற இறக்கத்துக்கு ‘இடைவிட்ட நொறுங்கல்’ என்றும், வேகமான நகர்வில் காணும் ஒழுங்கற்ற விசைக்குத் ‘தொடர் நொறுங்கல்’ என்றும் வைத்தால் மூன்று நிலைகளும் வரிசையாக அமையும்.

ஒரு சிறு எச்சரிக்கை. 1969இல் மேட்லாக் என்ற ஆய்வாளரும் உடனாய்வாளர்களும் தந்த கணக்கீட்டு மாதிரியில் பனிக்கட்டி சம இடைவெளியில் நிற்கும் பற்களின் வரிசையாக நகர்ந்து வருகிறது. பல்லிடைத் தூரத்தை நாமே உள்ளிடுவதால், வேகத்தை அத்தூரத்தால் வகுத்துக் கிடைக்கும் அதிர்வெண் பனிக்கட்டியின் சொந்த இயல்பு என்று மாணவர் மயங்கக்கூடும். கையேட்டில் அந்த மாதிரி வரும் இயலுக்கு முன்பாகவே பற்றலை விளக்கிவிடுவது நல்லது.

அன்புடன், கிருஷ்ணகிரியிலிருந்து.

---

ஐயா, வணக்கம்.

கணக்குப் பதிவியலின் ‘பற்று’ குறுக்கே வருமோ என்று முதலில் தயங்கினேன். ‘பற்றல்’ என்று தொழிற்பெயராக நிற்பதால் அந்தச் சிக்கல் இல்லை. கையேட்டின் ஒரு பக்கத்தை இந்தச் சொல்லால் திருத்தி எழுதிப் பார்த்தேன். ‘கோபுரம் பற்றலிலிருந்து விடுபட்டது’ என்று என்னை அறியாமலே எழுவாய் மாறி வந்துவிடுகிறது. எனவே சொற்பட்டியலில் ‘நொறுங்கல் பற்றும், கட்டமைப்பு பற்றப்படும்’ என்ற பயன்பாட்டுக் குறிப்பையும் சேர்க்கிறேன். மென்பொருளின் வெளியீட்டில் மாணவர்கள் காணப்போவது ஆங்கிலப் பெயர் என்பதால், முதல் இடத்தில் மட்டும் ‘லாக்-இன் எனப்படும் அதிர்வெண் பற்றல்’ என்றிருக்கும். வேறு மறுப்பு இல்லையெனில் இதையே அச்சுக்குத் தருகிறேன்.